பல்லைக் காட்டும் எந்த உயிரும்

பூனை நடத்தை வாரியம் வருவதற்கு முன்னால், பூனைகள் என்ன நினைக்கின்றன என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாமல் இருந்தது. பூனைகளுக்கும் அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அவை பாட்டுக்குச் சுவரேறின, தூங்கின, வேண்டியபோது வந்தன, வேண்டாதபோது போயின. இது எவ்வளவு பெரிய நிர்வாகச் சீர்கேடு என்பது வாரியம் வந்த பிறகுதான் எங்களுக்குப் புரியவைக்கப்பட்டது.

வாரியம் பிறந்த கதை சின்னது. அதன் தலைவர் அப்போது வேறு ஏதோ துறையில் ஏதோ பெரியவராக இருந்தார். ஒரு விருந்துக்குப் போன வீட்டில் சோபாவில் மல்லாந்து கிடந்த பூனையின் வயிற்றைத் தடவினார். பிறந்ததிலிருந்து நாய் வளர்த்தவர். நாய் வயிற்றைக் காட்டினால் தடவு என்று அர்த்தம். பூனை வயிற்றைக் காட்டினால், உன்னை நம்பிப் படுத்திருக்கிறேன், நீ கையை உன்னோடு வைத்துக்கொள் என்று அர்த்தம். அது அவர் கையில் முழங்கைவரை கோடு போட்டுவிட்டு இறங்கிப் போனது. விருந்துக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் அவருடைய மேலதிகாரியும் ஒருவர். அடுத்த வருடம் வாரியம் வந்துவிட்டது.

பூனைகளின் உடல்மொழிக் கையேட்டைத் தலைவரே எழுதினார். அதில் நாய் என்ற சொல் ஓரிடத்திலும் வராது. ஆனால் படிக்கப் படிக்கக் கண்ணுக்கு முன்னால் ஒரு நாய் வந்து நிற்கும். பெயர் சொன்னால் வர வேண்டும். பந்தை எறிந்தால் எடுத்து வர வேண்டும். வால் ஆடினால் மகிழ்ச்சி. பல் தெரிந்தால் பகைமை.

நான் பல்செட் செய்கிறவன். பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள்; நான் பிளாஸ்டர் வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, ஈறுக்கு நிறம் பார்த்துச் செய்து கொடுப்பேன். டாக்டரோடு சண்டை போட்டவர்கள் நேராக என்னிடமே வருவதும் உண்டு. எனக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டேன். கை நடுங்காது. வேலை வழக்கத்தைவிடச் சுத்தமாக வரும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

எங்கள் பூனையின் பெயர் சம்பந்தி. பெயர் வைத்தது என் மனைவி. கூப்பிடாமல் வந்தது, வந்த அன்றே வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது, எதுவும் சரியில்லை என்ற முகத்தோடு நல்ல நாற்காலியில் உட்கார்ந்தது. மரியாதையில் ஒரு பிடி குறைந்தால் அன்றைக்குச் சாப்பிடாது. வேறு என்ன பெயர் வைப்பது? எங்களுக்குப் பிள்ளை இல்லை. சம்பந்தி மட்டும் இருந்தது. நான் பட்டறையில் உட்கார்ந்தால் பிளாஸ்டர் தாடைகள் அடுக்கிய அலமாரியில் ஏறி, இரண்டு தாடைகளுக்கு நடுவில் இடம் பிடித்து, என்னை வேலை வாங்கும்.

அதன் பேச்சு எனக்கு ஆரம்பத்தில் ஒன்றும் புரிந்ததில்லை. மனைவிதான் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்தாள். "வாலைத் தூக்கிக்கிட்டு வந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம். வாலைப் பட்டுபட்டுன்னு அடிச்சா உங்கமேல கோவம். என்னைப் பாத்து மெதுவா கண்ணை மூடித் தொறக்குது பாருங்க, அதுதான் அதோட பாசம். உங்களைப் பாத்து என்னைக்காவது பண்ணியிருக்கா?"

பண்ணியதில்லை. அதில் எனக்கு ஒரு மனக்குறை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு காலை ஆய்வாளர் வந்தார். மடிப்புக் கலையாத சீருடை, கக்கத்தில் கையேடு, கால்சட்டைப் பையில் ரப்பர் பந்து. மார்பில் வாரியத்தின் சின்னம், ஒரு பூனைக் காலடி. மனைவி அதை உற்றுப் பார்த்தாள்.

"ஏங்க, பூனை நடந்தா நகம் பதியாதே. உள்ள இழுத்துக்குமே. இதுல நகம் பதிஞ்சிருக்கு. இது நாய்க் காலடி."

"அம்மா, சின்னத்துக்கு ஒப்புதல் வாங்கியாச்சு" என்றார் ஆய்வாளர். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் அவரிடம் இருந்த பெரிய ஆபத்து. சொன்னதைச் செய்வார், சொன்னதை மட்டும் செய்வார். கையேட்டில் இல்லாத எதுவும் அவர் கண்ணில் படாது.

"பூனை பேரு?"

"சம்பந்தி."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுதிக்கொண்டார். பிறகு அலமாரியைப் பார்த்து, ஒரு மாதிரி ராணுவக் குரலில், "சம்பந்தி, வா" என்றார்.

சம்பந்தியின் ஒரு காது மட்டும் அவர் பக்கம் திரும்பியது.

"கேட்டுச்சு. வர்றதா இல்ல" என்று மனைவி விளக்கினாள்.

காது நன்றாகக் கேட்கிறது, கீழ்ப்படிதல் இல்லை என்று எழுதினார். பந்தை உருட்டினார். சம்பந்தி பந்தைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. அவருக்காக அது கொஞ்சம் வருத்தப்பட்ட மாதிரி எனக்குத் தோன்றியது. அவர் இன்னும் இரண்டடி முன்னால் போனார். வால் நுனி துடித்தது. பிறகு வால் முழுவதும் பலகையில் பட்டுபட்டென்று அடித்தது. ஆய்வாளர் முகம் மலர்ந்துவிட்டது.

"வால் ஆடுது பாருங்க. சந்தோசமா இருக்கு."

"ஐயா, அது கோவம். கிட்டப் போகாதீங்க."

"அம்மா, வாலுக்குன்னு தனி அத்தியாயமே இருக்கும்மா" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். சம்பந்தி நகத்தை வெளியே எடுக்காமல் ஒரு தட்டு தட்டியது. பட்டறைக்கு வரும் சில டாக்டர்களை நான் தட்ட நினைத்து அடக்கிக்கொண்ட அதே தட்டு. பிறகு என் மனைவியைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தது, நீ இருக்கிறாய் அல்லவா என்று கேட்பது போல. அதிகாரியின் முன்னிலையில் கண்ணை மூடி அவமதித்தது என்று அவர் எழுதினார். பயமோ எரிச்சலோ வந்தால் பூனைக்குக் கொட்டாவி வரும். சம்பந்திக்கு வந்தது. கோரைப்பல் நான்கும் தெரிய, வாய் கிழியக் கொட்டாவி விட்டது.

ஆய்வாளர் பேனாவை மூடிவிட்டார். "பல்லைக் காட்டிடுச்சு. கூட்டிட்டுப் போகணும்."

"அது கொட்டாவிங்க" என்றேன்.

"கொட்டாவியா இருக்கலாம் சார். பல் தெரிஞ்சுதா இல்லையா? எதுக்குத் தெரிஞ்சுதுன்னு கையேட்டுல கேக்கல."

பெட்டிக்குள் போகும்போது சம்பந்தி கத்தவில்லை. மனைவிதான் வாசல் வரைக்கும் ஓடினாள். திரும்பி வந்து, என் வேலை மேசைக்கு முன்னால் நின்று, "அதோட வாங்க. இல்லன்னா நீங்களும் அங்கேயே இருந்துக்கங்க" என்றாள். அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சோறு வைத்தாள், பேசவில்லை.

வாரிய அலுவலகத்தில் நான் முதலில் கவனித்தது, அங்கே யாரும் பல் தெரியச் சிரிப்பதில்லை. வாசல் காவலாளியிலிருந்து அச்சடிக்கும் பெண்வரை எல்லோரும் உதட்டை இறுக்கிக்கொண்டு, வயிற்று வலிக்காரர்கள் மாதிரிப் புன்னகைத்தார்கள். என் தொழிலுக்கு அது வினோதமாக இருந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது.

பூனையைத் திரும்பக் கேட்பவர்கள் முதலில் பொறுப்பாளர் பயிற்சிக்கு உட்கார வேண்டும் என்றார்கள். உட்கார்ந்தேன். என்னோடு ஒரு வங்கிக்காரர், ஒரு பள்ளி ஆசிரியை, லாரி ஓட்டுகிற ஒருவர். பூனைகள் ஒத்துழைக்காததால் பயிற்சிக்குப் பூனைகளைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்களாம். அதனால் நாங்கள் பூனைகளாக இருக்க வேண்டும், பயிற்சியாளர் எங்களைக் கூப்பிடுவார். வங்கிக்காரரை வா என்றார், அவர் வந்தார். லாரிக்காரரை உட்கார் என்றார், அவர் உட்கார்ந்தார். என்னை நோக்கிப் பந்தை எறிந்தார். வீட்டில் பேசாத மனைவியை நினைத்துக்கொண்டு எடுத்து வந்தேன். ஆய்வாளர் என் தோளைத் தட்டி, "அருமை சார். உங்க பூனையைவிட நீங்க எவ்வளவோ பரவால்ல" என்றார். நான் பூனையாக இருந்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

பிறகு சம்பந்தியைப் பார்க்க அனுமதித்தார்கள். நீண்ட ஒரு அறை, ஓரமாக வரிசையாகக் கம்பிக் கூண்டுகள். எங்கும் சத்தம் இல்லை. சம்பந்தி கூண்டின் மூலையில், காது இரண்டும் பக்கவாட்டில் படிந்து, கால்களைத் தனக்கடியில் இழுத்துக்கொண்டு சுருண்டு கிடந்தது. வால் உடம்போடு ஒட்டியிருந்தது. கண் முழுக்கக் கறுப்பாக இருந்தது. முடியை நக்கி எத்தனை நாளாயிற்றோ, எங்கள் வீட்டில் நாற்காலிக்கு நாற்காலி உட்கார்ந்து தன்னைச் சீவிக்கொண்டிருந்த பூனை அது, முதுகெல்லாம் திட்டுத்திட்டாக இருந்தது. தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. நான் கூப்பிட்டேன். காதுகூடத் திரும்பவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் ஆய்வாளர், உண்மையான பெருமையோடு. "எவ்வளவு அமைதியா இருக்கு. நல்ல முன்னேற்றம்."

"அது பயந்து போயிருக்கு. சாப்பிடவே இல்ல."

"அது உங்க கருத்து சார்."

அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. அதற்கு முன்னால் வந்ததெல்லாம் எரிச்சல். கை பதறவே இல்லை. இந்த ஆட்களைச் சும்மா விடக்கூடாது என்ற ஒரே எண்ணத்தோடு, தலைவரைப் பார்க்க வேண்டும் என்று மிகவும் பணிவாகக் கேட்டேன்.

தலைவரின் அறையில் அவருடைய பழைய நாய்களின் படங்கள் சுவர் நிறைய இருந்தன. பூனைப் படம் ஒன்றுகூட இல்லை. அவருக்குப் பக்கத்தில் துணைத்தலைவர் உட்கார்ந்திருந்தார். அவர் தலைவர் முகத்தை அதிகம் பார்க்கவில்லை. தலைவரின் நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். தலைவர் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொள்வது அவருக்குப் பிடிக்கும் என்று தெரிந்தது, ஏனென்றால் அடுத்து அவர் பேசலாம்.

"தம்பி, நாங்க பூனைக்கு எதிரின்னு வெளிய பேசிக்கிறாங்க. அது அபாண்டம். பூனை பூனையா இருக்குறதுக்குத்தான் நாங்க எதிரி. கூப்பிட்டா வரணும். வரலன்னா நமக்கு என்ன மரியாதை? உங்க பூனை பல்லைக் காட்டியிருக்கு. அதுக்கு விதி இருக்கு."

"கொட்டாவிதானுங்க விட்டுச்சு."

"எல்லாரும் ஒரு சாக்கு சொல்றாங்க. ஒரு அம்மா வந்து, எங்களுது பூனையே இல்ல, குட்டின்னு வாதாடி, கூட்டிட்டுப் போயிட்டாங்க. அன்னைக்கே விதியை மாத்தினேன். வெளிய பூனை, குட்டி எதுவா இருந்தாலும் சரி; வாரிய வளாகத்துக்குள்ள, பேசும்போதும் சாப்பிடும்போதும் தவிர, பல்லைக் காட்டும் எந்த உயிரினமும் உடனே தனி அறையில் அடைக்கப்படும். இப்ப சொல்லுங்க, யாரு தப்ப முடியும்?"

"யாருமே முடியாதுங்களா?"

"யாருமே முடியாது. எங்க ஆளுங்களே உள்ள சிரிக்கிறதில்ல, கவனிச்சீங்களா? அதுதான் ஒழுங்கு."

இதைச் சொல்லும்போது அவர் மேல்வரிசைப் பல்செட் தளர்ந்து, 'ஒழுங்கு' என்ற சொல்லோடு சேர்ந்து கீழே இறங்கியது. நாக்கால் தள்ளி ஏற்றிக்கொண்டார். யார் செய்த செட்டோ, பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. என் தொழிலைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. மாதக் கடைசியில் வாரியத்தின் நடத்தை நாள். அமைச்சர் வருகிறார். திருந்திய பூனைகளை மேடைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டப் போகிறார்கள். அதற்குள் ஒரு புது செட் வேண்டும்.

"செஞ்சிடலாங்க. பூனை விஷயம்?"

"அது வேற, இது வேற" என்றார் தலைவர். "உங்க பூனையும் மேடைக்கு வருது. எவ்வளவு அமைதியா இருக்குன்னு அமைச்சர் பாக்கணுமே. அதுக்கப்புறம் பயிற்சி நிலையத்துலயே நிரந்தரமா வச்சுக்குவோம். நல்ல மாதிரிப் பூனை."

நிரந்தரமாக. நான் வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

தலைவர் பட்டறைக்கு வந்து அச்சுக் கொடுத்தார். மெழுகில் பல் அடுக்கி வாயில் வைத்துக் காட்டினேன். கண்ணாடியைப் பிடித்துப் பக்கவாட்டில் பார்த்தார், கீழிருந்து பார்த்தார்.

"சின்னதா இருக்கே. மேடையில நான் சிரிச்சா கடைசி வரிசையில இருக்கிறவனுக்கும் தெரியணும்."

பல்லைக் கொஞ்சம் நீட்டினேன். இன்னும் என்றார். இன்னும் நீட்டினேன். கொஞ்சம் முன்னால் தள்ளச் சொன்னார். தள்ளினேன். இதெல்லாம் அவராகவே கேட்டது; நான் ஒரு துளிகூடத் தூண்டவில்லை. தடுக்கவும் இல்லை. கடைசியாக, தொழில் தர்மம் என்று ஒன்று இருப்பதால், "ஐயா, இதுக்கு மேல போனா வாயை மூட முடியாது" என்றேன்.

அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "நான் வாயை மூடுறதுக்கா தலைவரானேன்?"

அந்த வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குள் ஏதோ ஒன்று மெதுவாக இறங்கி அதன் இடத்தில் சரியாக உட்கார்ந்தது. நல்ல செட் ஈறில் உட்கார்வது போல. அன்று மாலை மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் எவ்வளவோ நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"இன்னும் கொஞ்சம் பெருசா வைங்க."

என் வாழ்நாளில் அவ்வளவு அழகான செட் செய்ததில்லை. மெருகில் முகம் பார்க்கலாம். ஈறின் நிறத்துக்காக மட்டும் பலமுறை கலவை மாற்றினேன். உதடு என்ன முயன்றாலும் ஒன்றையொன்று தொடாது.

நடத்தை நாளன்று வாரிய முற்றத்தில் மேடை போட்டிருந்தார்கள். திருந்திய பூனைகளின் கூண்டுகள் மேடைக்குக் கீழே வரிசையாக இருந்தன. சம்பந்தி ஓரக் கூண்டில், அதே மூலையில், அதே சுருளில் கிடந்தது. இன்னும் மெலிந்திருந்தது. மனைவி என் கையைப் பிடித்திருந்த பிடியில் விரல் மரத்துப்போனது.

தலைவர் வந்தார். புதுப் பல்லை அன்றுதான் வெளியில் போட்டிருக்கிறார். தூரத்திலிருந்தே தெரிந்தது. அமைச்சருக்குக் கை கொடுத்தார், பேசிக்கொண்டே கொடுத்தார். மைக்கைப் பிடித்தார், பேசத் தொடங்கினார். ஒழுங்கைப் பற்றி, கீழ்ப்படிதலைப் பற்றி, ஒரு காலத்தில் பூனைகள் எப்படித் தன்னிச்சையாகத் திரிந்தன என்பதைப் பற்றி. இடையில் கைதட்டலுக்காக நிறுத்தினார். கைதட்டினோம். அவர் பேசவில்லை, சாப்பிடவில்லை. பல் எல்லாம் வெயிலில் பளபளவென்று நின்றது.

நான் எழுந்து, மேடைப் படிக்கருகில் நின்ற ஆய்வாளரிடம் போனேன். என் குரல் எனக்கே மிகவும் இனிமையாகக் கேட்டது.

"சார், ஒரு சந்தேகம். தலைவருக்குப் பல் தெரியுதே?"

அவர் பார்த்தார். நிறம் வெளுத்தது. "சந்தோசத்துல சிரிக்கிறாரு சார்."

"இருக்கலாங்க. எதுக்குத் தெரியுதுன்னு கையேட்டுல கேக்குதா?"

பாவம், அந்த மனிதர் கையேட்டைப் புரட்டினார். எதைத் தேடினாரோ அது அதில் இல்லை. திரும்பித் துணைத்தலைவரைப் பார்த்தார். துணைத்தலைவர் மேடையில் காலியாக இருந்த தலைவரின் நாற்காலியை ஒரு முறை பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார். "விதின்னா விதிதான். ஆனா பேசும்போது விலக்கு இருக்கு. பேச்சு முடியட்டும்."

ஆய்வாளர் பூனை பிடிக்கும் வலையை எடுத்துக்கொண்டு மேடையின் ஓரத்தில் போய், மரியாதையாக, விறைப்பாக நின்றார்.

தலைவர் வலையைப் பார்த்தார். ஆய்வாளரைப் பார்த்தார். துணைத்தலைவர் மடியில் விரித்து வைத்திருந்த விதிப்புத்தகத்தைப் பார்த்தார். தானே எழுதிய விதி என்பதால் அவருக்குப் புரியச் சற்றுநேரம்கூட ஆகவில்லை. உதட்டை மூடப் பார்த்தார். மேலுதடு பாதி வழி வந்து நின்றுவிட்டது. பல்லைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருக்கலாம். ஆனால் முன்வரிசையில் அமைச்சர், பின்னால் ஊர். பொக்கை வாயோடு நிற்க அவரால் முடியாது. ஆகவே பேசினார்.

எழுதி வந்த உரை தீர்ந்தது. நன்றியுரையைப் பறித்து அதையும் பேசினார். வரவேற்புரையை மறுபடி பேசினார். வெயில் மேடைமேல் ஏறியது. அமைச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டுத் தூங்கினார். தலைவர் கையேட்டை முதலிலிருந்து மனப்பாடமாக ஒப்பித்தார். அதுவும் தீர்ந்தது. அதற்குப் பிறகு அவர் வாயில் என்ன வருகிறது என்று அவருக்கே தெரியாமல் போய்விட்டது.

"...எங்க வீட்டுல ஒரு நாய் இருந்துச்சு. நான் வாசல்ல செருப்பைக் கழட்டுறதுக்குள்ள ஓடி வரும். அது போனதுக்கப்புறம் வீட்டுல யாரும் எந்திரிக்கிறதில்ல. கூப்பிட்டா என்னன்னுகூடக் கேக்கிறதில்ல. ஆபீஸ்ல மணி அடிச்சாத்தான் வர்றாங்க. அன்னைக்கு அந்தப் பூனை, அவ்வளவு பேருக்கு நடுவுல, என்னைப் பாத்து... எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சா பல் தெரியும். பல்லு தெரிஞ்சா எனக்குத் தூக்கம் வராது. அதனாலதான் இந்தக் கட்டடம், இந்தக் கூண்டு எல்லாம். பூனையைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? நான் வளத்ததே இல்ல. ஒரு நாள்கூட வளத்ததில்ல..."

கூட்டத்தில் லாரிக்காரர் மட்டும் மெல்ல, "அடப்பாவி" என்றார்.

தொண்டை வறண்டு தலைவர் இருமினார். மேசையிலிருந்த தண்ணீர்க் குவளையை எடுத்தார். குடித்தார். தண்ணீர் குடிப்பது சாப்பிடுவதில் சேருமா என்று ஆய்வாளர் பார்வையால் கேட்டார். துணைத்தலைவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. வலை விழுந்தது.

தலைவர் கத்தினார். உறுமல் என்று பதிவானது. கையை உதறினார். தாக்க முற்பட்டது என்று பதிவானது. ஆய்வாளர் பந்தை உருட்டிப் பார்த்தார், அவர் எடுக்கவில்லை. கண்விழித்த அமைச்சர், இது செயல்விளக்கம் என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டினார். அமைச்சர் தட்டியதால் எல்லோரும் தட்டினோம். நான் உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தன்றுகூட இருந்ததாக ஞாபகம் இல்லை.

தனி அறை என்று விதி சொல்லியது. இருந்ததோ அந்த நீண்ட கூண்டறை ஒன்றுதான். தலைவரை அதில் வைப்பதென்றால் பூனைகளை வெளியேற்ற வேண்டும். இடநெருக்கடி காரணமாகப் பூனைகள் அதனதன் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கப்படுகின்றன என்று துணைத்தலைவர், இப்போது பொறுப்புத் தலைவர், உத்தரவு போட்டார். மனைவி சம்பந்தியை என் மேல்துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தெருவில் நடந்தாள். நான் பின்னால் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

வீட்டில் அது அலமாரிக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. கூப்பிடவில்லை, இழுக்கவில்லை. மனைவி தரையில் படுத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி எதையாவது பேசிக்கொண்டிருப்பாள். நாங்கள் பார்க்காதபோது தட்டு காலியாகத் தொடங்கியது. ஒரு நாள் நான் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தபோது, அலமாரியில் தாடைகள் நகரும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். அதன் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தது. என்னைத்தான் பார்த்தது. மெதுவாகக் கண்ணை மூடி, மெதுவாகத் திறந்தது. நான் வெட்கப்படாமல் அழுதேன். மெழுகு தீய்ந்து போனது.

அதற்கு மறுநாள் வாரியத்திலிருந்து ஆள் வந்தது. தலைவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். பல்லைக் கழற்றக் கூடாது, அது சாட்சியத்தை அழிப்பது என்று பொறுப்புத் தலைவர் சொல்லிவிட்டார். பொறுப்பாளராகக் கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போகும்படி அவர் வீட்டம்மாவைக் கேட்டதற்கு, "அவசரமில்ல, நல்லாப் பழக்கியே அனுப்புங்க" என்று பதில் வந்ததாம். ஒரு வழி மட்டும் விதியில் இருக்கிறது. செட்டைச் செய்தவரே வந்து பல்லைத் தேய்த்துக் குறைத்தால், வாய் மூடும்; வாய் மூடினால் விடலாம். கொஞ்சம் வர முடியுமா?

அரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். நல்ல சன்ன அரம். கொஞ்ச நேர வேலை.

கூண்டறையின் மூலையில், சுவரோடு ஒட்டி, தலைவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைமுடி வாராமல் திட்டுத்திட்டாக இருந்தது. தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. கண் பெரிதாக இருந்தது. வாயில் என் வேலை, அந்த அரைவெளிச்சத்திலும், சொல்லக்கூடாது, பிரமாதமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் எழப் பார்த்து, எழவில்லை.

"தம்பி" என்றார். பேச்சு விலக்கின் கீழ் வருவதால் யாரும் தடுக்கவில்லை. "கொஞ்சம் தேச்சு விட்டுடுங்க தம்பி. உங்க பூனைதான் வீட்டுக்கு வந்துடுச்சே."

"அது வேற, இது வேறங்க" என்றேன். சட்டைப்பையைத் தடவினேன். அரம் விரலில் தட்டுப்பட்டது. "அரம் எடுத்துட்டு வர மறந்துட்டேன் பாருங்க."

அவர் தோளை ஒடுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். பயத்தில் சுருண்ட உடம்பு எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். அந்தப் பாடத்தை அந்த வாரியம்தான், அதே அறையில், எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

வாசலில் ஆய்வாளர் பேனாவோடு காத்திருந்தார். அன்றாடக் குறிப்பு எழுத வேண்டும் போல. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் சந்தேகத்தோடு என்னிடம் கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாகக் கையேட்டைத் திறக்காமல் ஒரு மனிதனிடம் கேட்டார் என்று நினைக்கிறேன்.

"சத்தமே இல்ல சார். சாப்பிடவும் மாட்டேங்கறாரு. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

நான் திரும்பி அந்த மூலையை ஒரு முறை பார்த்தேன்.

"எவ்வளவு அமைதியா இருக்காரு" என்றேன். "நல்ல முன்னேற்றம். எழுதிக்கங்க."